பதினாறு பேராசிரியர்கள், ஒரு டீன்: எம்.ஐ.டி.யில் நடந்தது என்ன?

1994ஆம் ஆண்டுக் கணக்கு இது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின், அதாவது எம்.ஐ.டி.யின், அறிவியல் புலத்தில் ஆறு துறைகள். ஆசிரியர்களில் ஆண்கள் 252 பேர், பெண்கள் 22 பேர். டெனியூர் என்று அவர்கள் சொல்லும் நிரந்தரப் பதவியை அடைந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆண்கள் ஏறத்தாழ 200, பெண்கள் 15. மொத்த ஆசிரியர்களில் பெண்கள் எட்டு விழுக்காடு; அது பத்தாண்டுக்கும் மேலாக அசையவே இல்லை. அதே காலத்தில் சில துறைகளின் இளநிலை வகுப்புகளில் மாணவர்களைவிட மாணவிகள்தான் அதிகம்.

இதில் எதுவும் ரகசியம் இல்லை. பல்கலைக்கழகம் அச்சிடும் கையேட்டை எடுத்துப் பெயர்களை எண்ணினால் போதும். எண்ணிப் பார்க்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

உயர்கல்வி நிறுவனத்துக்குள் சமத்துவத்துக்காக ஊழியர்கள் எப்படி ஒன்றுகூடலாம் என்ற பேச்சு வந்தால், இந்த எம்.ஐ.டி. கதையை யாராவது எடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு பேராசிரியர் டேப் வைத்து ஆய்வுக்கூடங்களை அளந்த காட்சியோடு நிறுத்திவிடுவார்கள். அந்தக் காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அளந்தவருக்கு அந்த அளவீட்டால் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. பலன் வந்தது அதற்குப் பிறகு நடந்த இரண்டு காரியங்களால். தனித்தனியாக மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாளைக் கணக்கேடுகளைத் திறந்து காட்டக்கூடிய அதிகாரியிடம் கொண்டுபோனார்கள். இந்த ஆய்வு அதைப் பற்றியது.

200 சதுர அடி

நான்சி ஹாப்கின்ஸ் மூலக்கூறு உயிரியலாளர். 1973இல் எம்.ஐ.டி. புற்றுநோய் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். அவர் சேர்ந்த காலத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. 1970களின் தொடக்கத்தில், மத்திய அரசின் பணம் வாங்கும் பல்கலைக்கழகங்கள் பெண்களையும் வேலைக்கு எடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. அந்த அலையில் உள்ளே வந்த தலைமுறை அவருடையது. கதவு திறந்துவிட்டது, இனி திறமைதான் பேசும் என்று அவர் நம்பினார். பெண்ணியம் பேசுகிறவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றார் என்றுகூடச் சொல்லலாம். பின்னாளில் அவரே இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

பல ஆண்டுகள் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ்களில் வேலை செய்தபின், 1990ஐ ஒட்டி அவர் வரிக்குதிரை மீனுக்கு மாறினார். விரல் நீளமே உள்ள இந்த மீனின் கரு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். ஒரு முதுகெலும்புயிரி எப்படி உருவாகிறது என்பதை நுண்ணோக்கியில் நேராகவே பார்க்கலாம். ஆனால் மீன் வளர்க்கத் தொட்டி வேண்டும், தொட்டி வைக்க இடம் வேண்டும். அவர் கேட்டது கூடுதலாக 200 சதுர அடி, ஒரு சின்ன அறை அளவு. கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு உள்ள அளவு உங்களுக்கும் இருக்கிறது என்று பதில் வந்தது.

அப்படியா என்று டேப்பை எடுத்துக்கொண்டு இரவில், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், கட்டடத்தில் இருந்த ஆய்வுக்கூடங்களை ஒவ்வொன்றாக அளந்தார். ஒவ்வொரு மேசையும் ஒவ்வொரு கருவி அறையும் கணக்கில் வந்தது. அவரிடம் இருந்தது 1,500 சதுர அடி. அவருக்கு இணையான மூத்த ஆண் பேராசிரியர்களுக்குச் சராசரியாக 3,000. அன்று வேலைக்குச் சேர்ந்த இளையவர்களுக்கே சராசரி 2,000.

இந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டியபோது, பொறுப்பில் இருந்தவர் அதைப் பார்க்கவே மறுத்துவிட்டார். நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் இடம் இது. அளவு சரி, கையில் ஆதாரம் இருக்கிறது. ஆனாலும் அது ஒரே ஒருவர் கொண்டுவந்த தாள். அதைக் குறை சொல்கிறவரின் குணமாக மாற்றிவிடுவது நிர்வாகத்துக்கு ரொம்ப எளிது. ‘அவங்க எப்பவுமே இப்படித்தான்’ என்ற ஒரு வரி போதும்.

இந்த இடத்தில் நம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. நம் அரசுக் கல்லூரிகளில் ஊதியத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. உதவிப் பேராசிரியருக்கு என்ன சம்பளம் என்பது ஊருக்கே தெரியும். எம்.ஐ.டி. போன்ற தனியார் பல்கலைக்கழகத்தில் அப்படி இல்லை. சம்பளம், ஆய்வுக்கூட இடம், எத்தனை பாடம் எடுப்பது, சம்பளத்தில் எவ்வளவு பங்கைச் சொந்த ஆய்வு நிதியிலிருந்து கட்டிக்கொள்வது என எல்லாமே துறைத் தலைவரோடு மூடிய அறைக்குள் பேசி முடிப்பது. வெளியிலிருந்து வேறொரு பல்கலைக்கழகத்தின் அழைப்புக் கடிதம் வந்தால், அதைக் காட்டிப் பேரம் பேசலாம். பக்கத்து அறைக்காரருக்கு என்ன கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது. இந்த ஏற்பாட்டில் பாகுபாடு செய்ய யாரும் திட்டம் போட வேண்டியதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வழி இல்லாமல் இருந்தாலே போதும், அது தானாக வளரும்.

ஒரு மதிய உணவு

இடத் தகராறுக்குப் பிறகு இன்னொன்று வந்தது. உயிரியலில் ஒரு பெரிய அறிமுகப் பாடத்தைச் சக பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து வடிவமைத்து நடத்திவந்தார் ஹாப்கின்ஸ். மாணவர்களிடம் நல்ல பெயர். ஒருநாள், இனி அந்தப் பாடத்தில் அவருக்கு இடமில்லை, வேறொருவர் எடுப்பார் என்று தெரிவித்தார்கள். 1994 கோடையில் எம்.ஐ.டி. தலைவர் சார்லஸ் வெஸ்ட்டுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார்.

அனுப்புவதற்கு முன் யாராவது ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மேரி லூ பார்டுவை மதிய உணவுக்குக் கூப்பிட்டார். பார்டு லேசுப்பட்டவர் அல்ல. குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட மரபணு எங்கே இருக்கிறது என்று அதே இடத்திலேயே கண்டுபிடிக்கும் முறையை 1969இல் ஜோசப் காலுடன் சேர்ந்து உருவாக்கியவர். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர். இவ்வளவு பெரிய ஆள் தன்னைப் புலம்புகிறவள் என்று நினைத்துவிடுவாரோ என்பதுதான் ஹாப்கின்ஸின் பயம்.

பார்டு கடிதத்தைக் கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, தானும் இதில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்; இருவருமாகப் போய்த் தலைவரைப் பார்ப்போம் என்றார்.

இருபதாண்டு ஒரே வளாகத்தில் வேலை செய்தவர்கள். இருவருக்கும் ஒரே அனுபவம். இருவரும் அதைத் தன் சொந்தப் பிரச்சினை என்றே எண்ணியிருந்தார்கள். பெண்கள் ஒரு துறைக்கு ஓரிருவராகச் சிதறிக் கிடந்தால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம்தான் கையேட்டை எடுத்து எண்ணினார்கள். இணைப் பதவியில் இருந்தவர்களையும் சேர்த்து, அறிவியல் புலத்தோடு தொடர்புள்ள நிரந்தரப் பெண் பேராசிரியர்கள் 17 பேர். ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்தார்கள். சிலரிடம் விளக்கவே தேவைப்படவில்லை. முதல் வாக்கியத்திலேயே தலையாட்டினார்கள். 16 பேர் சேர்ந்தார்கள்.

யார் இந்த 16 பேர் என்பது முக்கியம். கார்பன் இயற்பியலின் முன்னோடி மில்ட்ரெட் டிரெஸ்ஸல்ஹாஸ் அவர்களில் ஒருவர். கடலில் எண்ணற்றுக் கிடக்கும் புரோகுளோரோகாக்கஸ் நுண்ணுயிரைக் கண்டறிந்த குழுவை நடத்திய பென்னி சிஷோம், வேதியியலாளர் ஜோஆன் ஸ்டப், நரம்பியலாளர் ஆன் கிரேபியல் ஆகியோரும் இருந்தார்கள். இந்த நால்வருமே அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றவர்கள். டிரெஸ்ஸல்ஹாஸ் மட்டும் அதை அதற்கு முன்பே, 1990இல், வாங்கிவிட்டார். புவி இயற்பியலாளர் மார்சியா மெக்நட் பிற்பாடு, 2016இல், தேசிய அறிவியல் கழகத்தின் தலைவரானார். ‘திறமை போதவில்லை’ என்று யாராலும் வாய் திறக்க முடியாத கூட்டம். இது குழுவின் பலம். இதே விஷயம் குழுவின் எல்லையாகவும் ஆனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அவர்கள் கேட்டது என்ன?

ஆகஸ்டில் அறிவியல் புலத்தின் டீன் ராபர்ட் பர்கெனோவைச் சந்தித்தார்கள். இயற்பியலாளர், பிற்காலத்தில் டொராண்டோ பல்கலைக்கழகத் தலைவராகவும் பெர்க்லியின் சான்சலராகவும் ஆனவர்.

அவர்கள் கொண்டுபோன கோரிக்கை மிகச் சிறியது. யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை, இழப்பீடு கேட்கவில்லை, பெயர் குறிப்பிட்டுப் புகார் கொடுக்கவில்லை. பெண் ஆசிரியர்களின் நிலையைப் பற்றித் தரவுகளைத் திரட்ட ஒரு குழு வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான்.

இந்த நிகழ்வின் மிகக் கெட்டிக்காரத்தனமான முடிவு இதுதான் என்பேன். அதிகாரத்தில் இருப்பவர், குறிப்பாக அறிவியலாளர், ‘தரவைப் பார்ப்போம்’ என்ற கோரிக்கையை மறுத்தால் தன் தொழிலையே மறுத்த மாதிரி ஆகிவிடும். ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லக் கேட்டதும், துறை வேறு, ஆய்வு வேறு, கதை மட்டும் ஒன்றாக இருப்பது பர்கெனோவுக்கு உறைத்தது. அவர் தன்னிடம் இருந்த விவரங்களைத் தானே புரட்டிப் பார்த்தார். அதன்பிறகு அவர் தயங்கவில்லை.

தயங்கியவர்கள் துறைத் தலைவர்கள். குழு என்றால் தங்கள் முடிவுகளைப் பிறர் தோண்டுவார்கள் என்ற கவலை அவர்களுக்கு. சில மாதம் இழுபறி. கடைசியில் தலைவர் வெஸ்ட்டின் ஆதரவோடு 1995இல் குழு அமைந்தது, ஹாப்கின்ஸ் தலைவர். துறைகளிலிருந்து பெண் பேராசிரியர்களோடு மூத்த ஆண் பேராசிரியர்கள் மூவரையும் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவர் இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற ஜெரோம் ஃபிரீட்மன். மூவரும் துறை நிர்வாகம் எப்படி நடக்கும் என்று அறிந்தவர்கள். எந்தக் கணக்கு எந்தப் பெட்டியில் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கண்டுபிடித்தவை

இட அளவு, சம்பளத்தில் ஆய்வு நிதியிலிருந்து வரும் பங்கு, பாட ஒதுக்கீடு, விருதுக்குப் பரிந்துரை, முக்கியக் குழுக்களில் இடம், வெளி அழைப்பு வந்தபோது துறை காட்டிய அக்கறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எல்லாத் துறையிலும் எல்லா அம்சத்திலும் வித்தியாசம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வித்தியாசம் இருந்த இடங்களில் அது ஒரே பக்கம்தான் சாய்ந்திருந்தது. தனிநபர் சம்பள விவரம் ரகசியம் என்பதால் குழுவுக்கு அது தரப்படவில்லை. ஆனால் ஒரு துறையில் மூத்த பெண்களுக்குக் குறைவாகக் கொடுத்திருந்தது முன்பே தெரிந்து சரிசெய்யப்பட்டிருந்தது.

எண்களைவிட நேர்காணல்களில் கிடைத்த ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இளம் பெண் ஆசிரியர்களிடம் கேட்டபோது, தங்களுக்குத் துறையில் நல்ல ஆதரவு இருக்கிறது, பாகுபாடு எல்லாம் முந்தைய தலைமுறையோடு போய்விட்டது என்றார்கள். அவர்களுடைய கவலை வேறு: குழந்தையையும் ஆய்வையும் எப்படிச் சேர்த்துச் சமாளிப்பது? மூத்தவர்களோ ஓரங்கட்டப்பட்டதாகவும், முடிவெடுக்கும் இடங்களில் தங்களைக் கேட்பதே இல்லை என்றும் சொன்னார்கள்.

இரண்டு தலைமுறைக்கு இரண்டு அனுபவம் என்று இதை விட்டுவிடலாம். குழு விடவில்லை. மூத்தவர்களும் இளமையில் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் என்று காட்டியது. ஹாப்கின்ஸே சாட்சி. இளையவரோடு மற்றவர்கள் பெரிதாக எதையும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதில்லை. அவர் வளர்ந்து, வளங்களுக்கும் அதிகாரத்துக்கும் சமமாக நிற்கத் தொடங்கும்போதுதான் ஓரங்கட்டல் ஆரம்பிக்கிறது. காலம் போனால் தானே சரியாகிவிடும், வகுப்பறையில் பெண்கள் பெருகினால் பேராசிரியர் அறையிலும் பெருகுவார்கள் என்ற சமாதானத்தை இந்தக் கண்டுபிடிப்பு உடைத்தது.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். இளையவர்கள் மட்டும் அடங்கிய குழுவாக இருந்திருந்தால் ‘பிரச்சினை இல்லை’ என்று முடிந்திருக்கும். மூத்தவர்கள் மட்டும் என்றால் பழைய கசப்பு என்று தள்ளியிருப்பார்கள். இரண்டு தலைமுறையையும் ஒரே மேசையில் உட்காரவைத்தபோதுதான் விஷயத்தின் உருவம் தெரிந்தது.

சரிசெய்தவை, வெளியே சொன்னவை

அறிக்கை முடியும்வரை பர்கெனோ காத்திருக்கவில்லை. சம்பளம், இடம், ஆய்வுக்கூடச் சீரமைப்பு என்று அப்போதைக்கப்போதே திருத்தினார். பெண்களை வேலைக்கு எடுப்பதிலும் நேரடியாக இறங்கினார். ஹாப்கின்ஸுக்குத் தொட்டி வைக்க இடம் கிடைத்தது. அதில் என்ன விளைந்தது என்றால், மீன் கரு வளர்ச்சிக்கு இன்றியமையாத 315 மரபணுக்களை அவருடைய குழு 2004இல் வெளியிட்டது. 200 சதுர அடியை மறுத்தவர்கள் எதை மறுத்தார்கள் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டுமா?

முழு அறிக்கை ரகசியமாகவே இருந்தது. 1999 மார்ச்சில்தான், ஆசிரியர் அவைத் தலைவராக இருந்த லாட்டே பெய்லின் ஊக்கத்தால், அதன் சுருக்கம் ஆசிரியர் செய்தி மடலில் வெளிவந்தது. வளாகத்துக்குள் சுற்றும் மடல் அது. தலைவர் வெஸ்ட் அதற்கு ஒரு முன்குறிப்பு எழுதினார். இன்றைய பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு எதிரான பாகுபாடு பாதி உண்மை, பாதி எண்ணம் என்று தான் நம்பிவந்ததாகவும், அதில் உண்மையின் பங்கே மிகப் பெரியது என்று இப்போது புரிந்துகொண்டதாகவும் அதில் சொன்னார். ஒரு நிறுவனத்தின் தலைவர் வழக்கு எதுவும் இல்லாமல், தானாக முன்வந்து இப்படி ஒப்புக்கொண்டது அதுவரை கேள்விப்படாத விஷயம்.

பாஸ்டன் குளோப் இதை முதல் பக்கத்தில் போட்டது. கேட் ஜெர்னிகே எழுதினார். அடுத்த சில நாளில் நியூயார்க் டைம்ஸ். ஏப்ரலில் வெள்ளை மாளிகையில் நடந்த சம ஊதிய நிகழ்ச்சிக்கு ஹாப்கின்ஸை அழைத்தார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து ‘எங்கள் வளாகத்திலும் இதேதான்’ என்று பெண்கள் மின்னஞ்சலாக அனுப்பிக் குவித்தார்கள். 2001 ஜனவரியில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் உட்பட ஒன்பது பல்கலைக்கழகங்களின் தலைமை எம்.ஐ.டி.யில் கூடி, தடைகள் இருக்கின்றன என்று கூட்டாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை இதே நோக்கத்துக்காக ‘அட்வான்ஸ்’ என்ற நிதித் திட்டத்தைத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.

எம்.ஐ.டி.க்குள் மற்றப் புலங்களிலும் இதே மாதிரி குழுக்கள் அமைந்து 2002இல் அறிக்கை தந்தன. ஆசிரியர் பன்மைக்கான ஒரு குழு உருவாகி, ஹாப்கின்ஸ் அதன் இணைத் தலைவரானார். நிறுவனத்தின் உச்ச நிர்வாக அவையிலும் உட்கார்ந்தார். குழந்தை பெறும் பெண்ணுக்கு டெனியூர் கெடுவை நீட்டிக்கும் விதி, குடும்ப விடுப்பு, 2004இல் திறந்த ஸ்டாட்டா மையத்தில் குழந்தைகள் காப்பகம் எல்லாம் பின்னால் வந்தவை.

எதிர்க்குரல்

எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஜூடித் கிளைன்ஃபெல்ட் இந்த அறிக்கையைக் கடுமையாக விமர்சித்தார். அடிப்படைத் தரவுகளை வெளியிடவில்லை, புகார் சொன்னவரே குழுவுக்குத் தலைவர், இது எப்படி அறிவியல் ஆகும் என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை உதறிவிட முடியாது. ஒரு துறையில் இரண்டே பெண்கள் இருக்கும்போது எண்களை வெளியிட்டால் அது அந்த இருவரின் சம்பளச் சீட்டை ஒட்டிவைத்த மாதிரி. ரகசியம் காத்ததற்கு இது நியாயமான காரணம். ஆனால் தலைமை விஷயத்தில் விமர்சனம் நிற்கிறது. குழுவில் இல்லாத ஒருவரிடம் மூலத் தரவைக் கொடுத்து ஒருமுறை சரிபார்க்கச் சொல்லியிருந்தால் இந்த வாயை அன்றே அடைத்திருக்கலாம். புதிதாக இப்படியொரு குழு அமைப்பவர்கள் இதை முதல் நாளே யோசிக்க வேண்டும்.

எங்கே நின்றது

வளர்ச்சியின் வரைபடத்தைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். அறிவியல் புலத்தில் பெண்களின் எண்ணிக்கை சீராக ஏறவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஒரு ஏற்றம், பிறகு நீண்ட சமவெளி. 1990களின் இறுதியில் இன்னொரு ஏற்றம். முதலாவது அரசு நெருக்கடியால் வந்தது, இரண்டாவது பர்கெனோவின் காலத்தில் வந்தது. 2000இல் அவர் டொராண்டோ போனதும் வேகம் தணிந்தது. இதைக் கணக்குப்போட்டு 2006இல் எழுதியவர் ஹாப்கின்ஸ்தான். அமைப்பை மாற்றிவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு, ஓர் அறையில் உட்கார்ந்திருந்த ஆள் மாறியதும் கோடு தட்டையானது நல்ல செய்தி அல்ல.

யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வியும் இருக்கிறது. 16 பேரும் எளிதில் வேலையைவிட்டு நீக்க முடியாத நிரந்தரப் பதவியில் இருந்தவர்கள். அந்தப் பாதுகாப்பு இருந்ததால்தான் பேச முடிந்தது. ஒப்பந்தத்தில் இருக்கும் முதுமுனைவர் ஆய்வாளர், ஆய்வுக்கூட உதவியாளர், அலுவலக ஊழியர் யாரும் அந்தக் கையெழுத்துப் பட்டியலில் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. இனம் சார்ந்த பாகுபாட்டுக்கு இதே அளவு விரிவான அறிக்கை வர 2010 ஆயிற்று. பாலா ஹாமண்ட் தலைமையில் வந்த அந்த அறிக்கைக்கு, முதல் அறிக்கை வெளியாகிப் பதினோரு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

2011இல் அறிவியல், பொறியியல் புலங்களின் பெண்கள் மறுபடி கணக்கெடுத்தார்கள். அறிவியலில் 52 பெண்கள், பொறியியலில் 60. முதல் அறிக்கை வெளியான காலத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு; ஆனாலும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழ்தான். புதிய தொல்லைகளும் பட்டியலில் ஏறின. பெண் என்பதற்காகத் தரத்தைக் குறைத்து எடுத்தார்கள் என்ற முணுமுணுப்பு ஒன்று. இன்னொன்று, ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற நல்லெண்ண வழக்கம். பெண்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாக இருக்கும் இடத்தில் அந்த வழக்கம், அதே சிலரை எல்லாக் கூட்டத்துக்கும் இழுத்துக்கொண்டிருந்தது. சக ஆண் பேராசிரியர் அந்த நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்.